நெகட்டிவ் எண் 1437

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஸ்டுடியோ நடத்துபவர்களுக்கும், அப்பாவின் ஸ்டுடியோவை ஃபிளெக்ஸ் கடையாக மாற்றிவிட்ட பிள்ளைகளுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் உங்களில் ஒருவரின் கடைக்கு ஒரு பழைய படத்தோடு வந்தேன். கடைப்பெயரும் ஊர்ப்பெயரும் வேண்டாம். உங்களில் பலருக்கும் பொதுவான கதைதான்.

படம் 1974இல் எடுத்தது. அப்போது என் அத்தைக்குப் பன்னிரண்டு வயது. பூத்தைத்த சடை முழுவதும் படத்தில் விழ வேண்டுமென்று முதுகுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்து எடுப்பீர்களே, அந்த வகைப் படம். பெட்டிக்குள் புகுந்த ராமபாணப் பூச்சி அத்தையின் முகத்தை மட்டும் தின்றுவிட்டது. கண்ணாடிக்குள் தெரிகிற சடைதான் மிச்சம்.

அத்தை போன மார்கழியில் தவறிவிட்டார். காரியத்தன்று மாலை போட்டு வைத்த படம், வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. அதைப் பார்த்துவிட்டு அவருடைய பேத்தியே "இது யாரு?" என்று கேட்டாள்.

பழைய படத்தின் பின்பக்கம் கடையின் ரப்பர் முத்திரை இருந்தது. பென்சிலில் 1437 என்று ஓர் எண். அதன் கீழே, "மறுபிரதி வேண்டுவோர் இந்த எண்ணைக் குறிப்பிடவும்." ஐம்பது ஆண்டு கழித்து அந்த வரியை நம்பி வந்து நின்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். அப்பா இறந்த பிறகு பரணில் கிடந்த நெகட்டிவ்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பழைய பிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிறவர்கள் சாக்குச் சாக்காகக் கட்டிக்கொண்டு போனார்களாம்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஓடு ஒழுகுகிற பரண், ஏறிக்கொண்டே போகும் வாடகை. இருபது வருடமாக ஒருவரும் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்ததுமில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உருவமாகத் தங்கி நிற்பதே வெள்ளித் துகள்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெளிச்சம் அதிகம் பட்ட இடத்தில் வெள்ளி அடர்த்தியாகப் படியும். அப்படியென்றால் அத்தையின் படத்தில் அது அதிகம் படிந்திருக்கக்கூடிய இடம் சடையில் தைத்த மல்லிகைதான். அதைத்தான் கரைத்து எடுத்திருக்கிறார்கள்.

அது கலைப்படம் ஒன்றுமில்லை. பூ வாடுவதற்குள் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் எடுத்தது. எடுத்தவர் அடுத்த நிமிடமே யாரையோ உட்காரவைத்துப் பாஸ்போர்ட் சைஸ் எடுத்திருப்பார். என் கைப்பேசியிலும் அத்தை இருக்கிறார், தேடிப் பார்த்ததில் நாற்பது படங்களுக்குக் குறையாது. எல்லாவற்றிலும் ஓரத்தில்தான். யாரோ கேக் வெட்டுகிறார்கள், அத்தை தட்டோடு பாதி தெரிகிறார். ஒரு படத்தில் வளையல் போட்ட கை மட்டும். அவர் நடுவில் நின்ற ஒரே படம் 1437 என்று நினைக்கிறேன். உங்கள் பரண்களில் இப்படி எத்தனை அத்தைகள் நடுவில் நிற்கிறார்களோ!

எனவே ஒரு விண்ணப்பம். எடைக்குப் போடுவதற்கு முன் ஆறு மாதம் கடை வாசலில் ஓர் அட்டை தொங்கவிடுங்கள்: "பழைய நெகட்டிவ் இருக்கிறது, எண்ணோடு வாருங்கள்." வினிகர் போலக் காடி வாடை வீசும் பிலிம்களைத் தனியே பிரித்து வையுங்கள், கெட்டுப்போன ஒன்று பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். எண்ணும் பெயரும் எழுதிய பதிவேட்டை மட்டும் தயவுசெய்து பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் போனால் நெகட்டிவ் இருந்தும் யாருடைய முகம் என்று சொல்ல ஆளில்லை. வைக்க இடமில்லையா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்படிவமாக்கியிருக்கிறது. குப்பை என்று நீங்கள் நினைப்பதை ஆவணமாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. பழைய படங்களுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது என்பதற்காக அவற்றை இணையத்தில் அள்ளிக் கொட்டவும் வேண்டாம். அந்தப் பெண்கள் வீட்டுச் சுவருக்காக நின்றவர்கள், ஊரார் பார்வைக்காக அல்ல. முதலில் வீட்டாரைத் தேடுங்கள்.

எங்கள் எண் 1437. 1974, தை மாதம். பாவாடை தாவணி, இடது கையில் கைக்குட்டை. அந்தச் சாக்குகளில் ஒன்றாவது எங்கேயாவது பிரிக்காமல் கிடந்தால், சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அந்தப் படத்தைக் கொண்டுவந்தவன்