மின்னியாபோலிஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? இங்கே மைனஸ் இருபது. மிசிசிப்பி பாலத்தை நடந்து கடந்துதான் லேபுக்குப் போகிறேன். ஆற்றின் ஓரமெல்லாம் உறைந்துவிட்டது, நடுவில் மட்டும் கறுப்பாய் ஓடுகிறது. மூக்குக்குள் முடிகூட விறைத்துப்போகிறது.

நான் பூச்சி ஆராய்ச்சி செய்வதாக அம்மா தெருவெல்லாம் சொல்கிறாளாமே! பூச்சி இல்லை அப்பா. மண்ணில் இருக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. உங்கள் மில்லில் ரம்பத்துக்கு அடியில் குவிகிற தூளில் ஏறக்குறைய கால்பங்கு லிக்னின். மரத்துக்கு விறைப்பு கொடுப்பது அதுதான். காளான்கள் அதைப் பிய்த்துப் போட, உதிரும் துணுக்குகளை இந்த பாக்டீரியா உள்ளே இழுத்து, புரோட்டோகேட்டசுயேட் என்ற பொருளாக மாற்றிக்கொள்கிறது. பெயரை விடுங்கள். ஆறு கார்பன் கைகோத்து நிற்கும் வளையம் அது, லேசில் பிரியாது.

அதை அறுக்கும் நொதிதான் என் வேலை. ரம்பம் எது தெரியுமா? நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன். அதன் இரண்டு அணுக்களும், அறுத்த முனைக்கு ஒன்றாக, ஒட்டிக்கொள்கின்றன. 1955இல் ஒசாமு ஹயாய்ஷி என்ற ஜப்பான்காரர் இதன் பங்காளி நொதி ஒன்றுக்கு எடை கூடிய ஆக்சிஜனைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு அணுவும் காற்றிலிருந்தே வருகின்றன, தண்ணீரிலிருந்து அல்ல என்று தெரிந்தது. அதுவரை பலரும் அதை நம்பவில்லை.

என் நொதிக்குள் இரும்பு இருக்கிறது. அதனால் நல்ல சிவப்பு. பதிமுகம் போட்ட தண்ணீரை இன்னும் நாலு கொதி விட்டால் வருமே, அந்த நிறம். காற்றே இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டு, அந்த வளையப் பொருளைச் சேர்த்தால் நிறம் மாறிவிடும். அப்படியே காத்திருக்கும். காற்றைக் காட்டினால் வெட்டு விழுந்து, கண்ணெதிரே சிவப்பு திரும்பும். நான் இன்னும் அலுக்காமல் பார்க்கிறேன்.

போன வாரம் நான் காற்றைக் காட்டாமலே சிவப்பு திரும்பிவிட்டது. கையுறை விரலில் ஊசிமுனை ஓட்டை! மூன்று நாள் உழைத்துச் சுத்தம் செய்த நொதி வீண். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, புதுக் கையுறையை எடுத்து நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

சரி, தேக்குத்தூள் பார்சல் போடுகிறேன் என்றீர்களே, வேண்டாம். இங்கே கஸ்டம்ஸில் விடமாட்டார்கள். நார்த்தங்காய் ஊறுகாய் போதும். அப்புறம், பூச்சி இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்