கரைமடி இழுத்த கரையைப் பார்த்துவிட்டு வந்தேன், அக்கா

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை வடசேரியில் பஸ் ஏறி குளச்சலில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து பெரியம்மா வீட்டுக் கரைக்குப் போனேன். அன்றைக்கு ராத்திரி நீ ஃபோனில் "மணல் அப்படியேதானே கிடக்கு?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதிலிருந்து மனசு சரியில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மணல் இல்லை அக்கா. வீட்டுக்குப் பின்னால் தென்னை, அப்புறம் ஏற்றி வைத்த வள்ளங்கள், அதையும் தாண்டி மூச்சு வாங்க ஓடினால்தான் காலில் தண்ணீர் படும், மத்தியானம் என்றால் கருமணல் சூட்டில் குதித்துக் குதித்து ஓடுவோமே, அந்த இடம் முழுக்க இப்போது பாறாங்கல் அடுக்கியிருக்கிறார்கள். அலை அந்தக் கல்லில் வந்து அடிக்கிறது. நெத்திலியை ரோட்டில் காயப்போட்டிருந்தார்கள்.

எனக்கு உடனே கரைமடிதான், கரையில் நின்று இழுக்கிற அந்தப் பெரிய வலைதான், ஞாபகம் வந்தது. விடிகிற நேரத்தில் வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும், இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள், நீயும் நானும் வால்பக்கம் போய்த் தொற்றிக்கொள்வோம். நாம் இழுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒருத்தர்கூட விரட்டியதில்லை. இரண்டு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, கடைசியில் மடி கரையேறும்போது உள்ளே சாளை துள்ளுகிற சத்தம் மழை மாதிரி இருக்கும். கயிறு பிடித்த குழந்தைக்கும் ஒரு கை மீன் உண்டு. நீ அதைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு வருவாய், புதுப் பாவாடையை நாறடித்துவிட்டாய் என்று பெரியம்மா கத்துவாள், கத்திக்கொண்டே மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பாள், மரச்சீனி அவிப்பாள். அந்த ருசி வேறு எங்கேயும் எனக்குக் கிடைத்ததில்லை.

நின்று இழுக்க மணல் இல்லாத இடத்தில் கரைமடி போட முடியாது. கல்லில் வலை கிழிந்துவிடும்.

முன்பும் ஆனி, ஆடியில் கடல் மணலை அள்ளிக்கொண்டு போகும், காற்று அடங்கிய பிறகு திரும்பக் கொண்டுவந்து போடும். கடல் கடன் வாங்கிப் போகிறது என்று பெரியப்பா சொல்வார். கரையோரமாக நகர்கிற மணலுக்குக் குறுக்கே ஒரு சுவரோ, கடலுக்குள் கல் கொட்டி நீட்டுகிற தூண்டில் வளைவோ வந்தால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரித்துப் போகும். ஆனால் கல் போட்டதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை எவ்வளவு தூரம் ஏறியது என்று பார்த்தவர்கள் அந்தக் கரைக்காரர்கள். நாம் லீவுக்கு வந்து போனவர்கள்தானே.

கல் இடுக்கில் கொஞ்சம் கருமணல் கிடந்தது. ஒரு பிடி அள்ளி வந்தேன். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் காட்டினேன், முள்ளு முள்ளாக எழுந்து ஒட்டியது. என் மகள் கை தட்டினாள்.

தை மாதம் லீவு போட்டுவிட்டு வா அக்கா. அப்போது கடல் அமைதியாக இருக்கும். சொத்தவிளையில் மணல் இருக்கிறது, முட்டத்துப் பாறையில் ஏறி உட்காரலாம். கரைமடி இன்னும் எந்த ஊரில் போடுகிறார்கள் என்று நான் விசாரித்து வைக்கிறேன். விடியும் முன்னே போய்விட வேண்டும், இந்தத் தடவை வால்பக்கம் என் மகளும் பிடிப்பாள்.

உன் தம்பி