பஞ்சு லாசா இல்லை, மச்சான்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரை நடக்கிறாய் என்ற இடத்தை மனுசிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வஜிரா வீதிப் பிள்ளையாருக்கு உனக்காக வைத்த நேர்த்தியை உடனே நினைவுபடுத்தினாள். வருகிற வெள்ளிக்கிழமை போகிறோம். இங்கே எல்லோரும் சுகம். பின்னேரமானால் இடியும் மழையும்தான், ஒழுங்கை முழுக்கத் தண்ணீர்.

படத்தில் என் மடியில் இருக்கிற நாயைப் பற்றிக் கேட்டிருந்தாய். "எங்கள் வீட்டு ஜிம்மி மாதிரிப் பொமரேனியனா, இல்லாவிட்டால் லாசாவா?" என்று. ஒரு வரியில் சொன்னால், பஞ்சு ஒரு ஷிட்சு, லாசா அப்சோ இனத்தோடு எளிதில் மாறிவிடுகிற சின்னச் சடை நாய். அந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதத்தில் நடந்த சில விஷயங்கள் இன்னும் மனதை உறுத்துவதால் முழுக்க எழுதுகிறேன்.

எங்கள் தொடர்மாடியில் மேல்வீட்டில் இருந்த குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது பஞ்சுவை எங்களிடம் விட்டுப் போனார்கள். அப்போது அவனுக்கு மூன்று வயது. "லாசா, நல்ல காவல் நாய்" என்று சொல்லித்தான் அவர்களுக்கு விற்றிருக்கிறார்கள். தாய் தகப்பன் யார் என்ற பத்திரம் எதுவும் இல்லை. நான் கடைக்கும் வங்கிக்கும் போகும்போது மனுசி தனியாக இருப்பாள், ஒரு காவல் நாய் இருந்தால் நல்லதுதானே என்று ஒத்துக்கொண்டேன்.

காவல் என்ற பேச்சுக்கே இடமில்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பெடியன் கதவைத் திறந்ததும் பஞ்சு ஓடிப்போய் அவன் காலடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டான். மின்சார மீற்றர் பார்க்க வந்தவர், வாசலில் மீன் கொண்டுவருபவர், யாரோ ஒருவரின் வீடு தேடி மாறி வந்தவர், எல்லோருக்கும் அதே வரவேற்பு. எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. "காவல் நாய்க்குப் பிறந்த நீ இப்படியா?" என்று அதட்டுவேன். ஒருநாள் அந்நியர் ஒருவரிடம் வாலை ஆட்டிக்கொண்டு போனதற்காக அவனைக் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அவன் அழவில்லை. கதவுக்குக் கீழே இருக்கிற இடைவெளியால் மூக்கை நீட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் அப்படியே கிடந்தான். இதை வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை, மச்சான்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. அவனுடைய மயிர் ஈரத்தில் திரண்டு, காதுக்குப் பின்னாலும் கைக்கவட்டிலும் தும்புக்கட்டை போல ஆகிவிட்டது. சீப்பு இறங்கவே இல்லை. தோல் சிவந்ததைக் கண்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். என் மகளின் வயதுதான் இருக்கும் அந்த டொக்டருக்கு. முழுக்க வெட்டி எடுக்காமல் வழியில்லை என்றார். வெட்டி முடித்து மேசையில் நிறுத்தியபோது அந்த முகத்தை நான் முதல் தடவை பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். டொக்டர் ஒரு பார்வை பார்த்தார். "ஐயா, இவனை ஏன் லாசா என்று பதிந்திருக்கிறீர்கள்? இவன் ஷிட்சு."

நான் விடவில்லை. எடையைக் கேட்டேன். ஆறு கிலோ. எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். ஷிட்சு நாலு கிலோவிலிருந்து ஏழு வரை, லாசா ஐந்தரையிலிருந்து எட்டு வரை, ஆறு கிலோ என்றால் இரண்டு பக்கமும் சேரும். வாலும் அப்படித்தான், இரண்டுக்கும் முதுகின் மேல் வளைந்து நிற்கும். கீழ்ப்பல் கொஞ்சம் முன்னே வருவதும் இரண்டிலும் உண்டு. பார்க்க வேண்டியது முகத்தை என்று சொல்லி, தன் பெருவிரலை அவனுடைய மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் வைத்துக் காட்டினார். ஷிட்சுவின் மூக்குத்தண்டு ஒரு அங்குலத்துக்கு மேல் போகாது. பெருவிரல் அங்கே முழுக்கப் பதியவே இடமில்லை. லாசாவுக்கு அது ஒன்றரை அங்குலம் வரும், தலையும் ஒடுங்கியிருக்கும். ஷிட்சுவின் தலை அகலமாய், உருண்டையாய், இரண்டு கண்ணுக்கும் நடுவில் நல்ல இடைவெளியோடு இருக்கும். கண்தான் எனக்கு மிகவும் பிடிபட்ட அடையாளம். லாசாவின் கண் நீள்வட்டமாய், அளவோடு இருக்கும். ஷிட்சுவுக்குப் பெரிய உருண்டைக் கண், நேரே முன்னால் பார்க்கும். மயிர் திரும்ப வளர்ந்தபோது இன்னொன்றையும் கவனித்தேன். மூக்கின் மேலிருக்கிற மயிர் மேல்நோக்கி எழுந்து நாலு பக்கமும் விரிகிறது. செவ்வந்திப் பூப் போல என்று அந்த இனத்துக்கான இங்கிலாந்து விதிமுறையிலேயே எழுதியிருக்கிறார்களாம். காலையில் அவன் தலையை நிமிர்த்திப் பார்க்கும்போது செவ்வந்தியேதான். மயிரைத் தொட்டாலும் தெரியும். லாசாவின் மயிர் நேராய், பாரமாய், கொஞ்சம் முரடாய் இருக்கும். இவனுடையது மெத்து மெத்தென்று.

மாறிச் சொன்ன முதல் ஆட்கள் நாங்கள் இல்லை என்பது ஒரு ஆறுதல். 1930இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஷிட்சு நாய்களைக் கொண்டுபோனபோது அங்குள்ள நாய் வளர்ப்பாளர்களே இவற்றைத் திபெத்து அப்சோ, அதாவது லாசா, என்றுதான் நினைத்தார்கள். 1933இல் செல்ரனாமில் நடந்த கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. 1934இல் இரண்டும் வேறு வேறு இனம் என்று நாய் இனங்களைப் பதிகிற அங்குள்ள கென்னல் கிளப் முடிவு சொன்னது. ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்தால் எவருக்கும் குழப்பம்தான்.

குணத்துக்கு வருகிறேன், அதுதான் என்னை உலுக்கியது. லாசா அப்சோ திபெத்தில் மடங்களிலும் பெரிய வீடுகளிலும் காவலுக்கு இருந்த நாய். வாசலில் மாஸ்டிஃப் என்ற பெரிய காவல் நாய், உள்ளே இந்தச் சின்ன அப்சோ. காலடிச் சத்தம் கேட்டதும் எழுப்பிவிடுவதுதான் அதன் வேலை. ஷிட்சு சீன அரண்மனையின் செல்லப்பிள்ளை. பெயரின் பொருள் சிங்கம், ஆனால் வேலை மடியில் இருப்பதும் மனிதரைச் சந்தோஷப்படுத்துவதும். யாரையும் நம்புவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பழக்கி எடுத்த ஒரு பிராணியை, நம்பியதற்காக நான் குளியலறையில் அடைத்திருக்கிறேன்.

உண்மையான லாசா எங்கள் கீழ்மாடியில் ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு அதிபர் வளர்க்கிறார். நான் மூன்றாம் மாடியில் கதவைப் பூட்டும் சத்தத்துக்கே அது முதல் மாடியில் குரைக்கும். ஆறு மாதம் போய்வந்த பிறகுதான் என் கையை மணந்து பார்க்க ஒத்துக்கொண்டது. கூப்பிட்டால் வராது, யோசித்துவிட்டுத் தான் நினைத்தால் வரும். அதிபருக்கு அதன்மேல் பெரிய மரியாதை. எனக்கும்தான்.

இதை எல்லாம் மகளிடம் சொன்னபோது அவள் ஒன்றைச் சொன்னாள், அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. 2022இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. 18,000க்கு மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரரிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வித்தியாசத்தில் இனத்தால் வருவது ஏறக்குறைய 9 சதவீதம் மட்டும்தானாம். அதனால் வருகிறவரிடம் வயிற்றைக் காட்டுகிறது என்பதற்காக ஒரு நாயை ஷிட்சு என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சிடுசிடுப்பான ஷிட்சுவும் இருக்கும், சாதுவான லாசாவும் இருக்கும். கண்ணும் மூக்கும் தலையும் முதலில் சொல்லட்டும், குணம் அதற்குத் துணையாக வரட்டும். ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு அதன்படி இரு என்று நாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது, நான் செய்தது அதைத்தான்.

சரியான இனம் தெரிந்ததில் இன்னொரு பெரிய நன்மை, வெக்கையில் அவனைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தெரிந்தும் ஒருமுறை தவறவிட்டேன். சித்திரையில் ஒருநாள் காலை பத்து மணிக்கு மரைன் டிரைவில் அவனை நடக்கக் கூட்டிப்போனேன். கடற்காற்று இருக்கிறதே என்று நினைத்தேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் திடீரென்று படுத்துவிட்டான். மூச்சு இழுத்தது, நாக்கு கருஞ்சிவப்பாக மாறியது. செவ்விளநீர் விற்கிற தம்பி தன் போத்தல் தண்ணீரை அவன் வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றி நனைத்து, ஓட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார். டொக்டர் காப்பாற்றினார். நாய்க்கு மூச்சிரைப்பதுதான் உடம்பைக் குளிர்விக்கும் வழி. மூக்கு குட்டையான நாய்க்கு அது சரியாக நடக்காது, கொழும்பின் ஈரக்காற்றில் இன்னும் கஷ்டம். இப்போது காலை ஆறு மணிக்கு முன்னும் இருட்டிய பிறகும்தான் வெளியே. கழுத்துப் பட்டிக்குப் பதிலாக மார்பைச் சுற்றிப் போடும் வார். அந்தப் பெரிய கண்ணில் மயிரோ தூசியோ பட்டால் புண்ணாகிவிடும் என்பதால் தினமும் பருத்திப் பஞ்சை நனைத்து நானே துடைக்கிறேன்.

ஆறு மணி நடையில் என்ன நடக்கிறது தெரியுமா? இந்தக் கட்டிடத்தில் பதினாறு வருடம் இருந்தேன், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலையாட்டுவதோடு சரி. பஞ்சு ஒவ்வொருவரிடமும் நிற்பான், நானும் நிற்க வேண்டும். மீன் கொண்டுவருபவரின் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான் என்று இப்போது எனக்குத் தெரியும். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிற சிங்கள அம்மா அவனுக்காகக் கோழி அவித்து வைத்துவிட்டு மாலையில் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். மனுசி அங்கே போய் ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு வருகிறாள்.

இனி உன் ஜிம்மி. அதைப் பொமரேனியன் என்றுதான் எல்லோரும் சொன்னோம், அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வெள்ளையாய்ச் சடைத்த நாய் எல்லாமே பொமரேனியன்தானே. ஆனால் பொமரேனியன் என்றால் இரண்டு கிலோ, மூன்று கிலோ. கையிலே அடங்கும். ஜிம்மியை நீ தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவது எனக்கு நல்ல நினைவு. பொமரேனியன்களும் ஒரு காலத்தில் பத்து கிலோவுக்கு மேல் இருந்தவைதான். 1888இல் விக்ரோறியா மகாராணி இத்தாலிக்குப் போய்ச் சின்ன உருவமுள்ளவற்றை வாங்கி வந்த பிறகு எல்லோருக்கும் சின்னதே வேண்டியிருந்தது. ஜிம்மி, நிமிர்ந்த காதும் கூர்ந்த முகமும் உள்ள ஸ்பிட்ஸ் வகையில் பெரிய ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கேற்றில் யார் வந்தாலும் விடாமல் குரைத்த அந்தச் சத்தமும் அந்த வகைக்குப் பொருந்தும்.

உன் அக்காவின் கலியாணத்துக்கு முதல் நாள் எடுத்த படம் ஒன்றில் ஜிம்மி உன் காலடியில் நிற்கிறது, ஞாபகம் இருக்கிறதா? ரொறன்ரோவுக்குக் கொண்டுபோன பெட்டியில் இருந்தால் அதைத் தேடி எடு. காது நிமிர்ந்த முக்கோணமா, முகம் நரியைப் போலக் கூர்ந்திருக்கிறதா, முதுகு உன் கணுக்காலுக்கு வருகிறதா முழங்காலுக்கு வருகிறதா என்று பார்த்து எழுது. மார்கழியில் வரும்போது படத்தைக் கையோடு கொண்டுவா. ஐந்தாறு அங்குல நீளத்தில் எஃகுப் பல் வைத்த சீப்பு ஒன்றும் வேண்டும், பல் கொஞ்சம் இடைவெளியாக இருக்கட்டும். பஞ்சு உன்னை வாசலில் வந்து கூட்டிப்போவான், குனிந்து தடவுவதற்கு முழங்காலை நன்றாகத் தேற்றிக்கொண்டு வா.

உன் அன்பு மச்சான்