பரங்கிமலையில் தொடங்கிய அளவை

ஆசிரியர் அவர்களுக்கு,

எவரெஸ்ட் என்ற பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. சிகரத்துக்குப் பெயர் தந்த அந்த நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்டுக்கு முன்பே இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டனைத்தான் யாருக்கும் தெரியவில்லை.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்து பிரிட்டிஷ் ராணுவத்தின் 33வது காலாட்படையில் சேர்ந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் கைதியானார். பிறகு கனடாவில் சில காலம். 1799இல் மைசூர்ப் போரின்போது ஓர் இரவு, நட்சத்திரங்களைப் பார்த்தே, தெற்கே போகவேண்டிய தம் படை வடக்கே திப்புவின் முகாமை நோக்கிப் போகிறது என்று கண்டுபிடித்தவர் இவர்.

1802 ஏப்ரலில் நம் பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை, அதாவது மற்ற தூரங்களை முக்கோணங்களால் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோட்டை, அளக்கத் தொடங்கினார். வெயிலில் இரும்பு நீளுமே என்று வெப்பமானி வைத்து அதற்கும் கணக்கிட்டார்! எனக்குப் பிடித்தது 1808இல் தஞ்சையில் நடந்ததுதான். கோணங்களை அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறு ஆளாயிருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லாம்ப்டனோ கூடாரத்துக்குள் உட்கார்ந்து, சுமார் ஆறு வாரம் கருவியின் வளைந்துபோன கோண அளவு வட்டத்தைத் தாமே நிமிர்த்திவிட்டார்.

எழுபது வயதை நெருங்கியும் ஓய்வெடுக்கவில்லை. 1823 ஜனவரியில் இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், அளவைப் பணிக்கு இடையிலேயே காலமானார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பிடிப்புக்கும் வரிவசூலுக்கும் நில அளவைகள் உதவின என்பது உண்மை. அதையும் சேர்த்தே இவர் கதை நம் பாடப்புத்தகங்களில் ஒரு பக்கமாவது வரவேண்டும்.

இப்படிக்கு,
சென்னை வாசகர்