பட்டறை வேலையைப் பெண்களிடம் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானம், விண்வெளித் துறைகளுக்குப் பெண்கள் வர வேண்டும் என்று கருத்தரங்குகள் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் பள்ளியிலும் கல்லூரியிலும் நான்கு பேர் சேர்ந்து ஒரு கிளைடரோ (எஞ்சின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் விமானம்) ட்ரோனோ செய்யும்போது நடப்பதைக் கவனியுங்கள். அறுப்பது, ஒட்டுவது, சோல்டரிங் வைப்பது எல்லாம் பையன்களிடம் போய்விடுகிறது. அறிக்கை எழுதுவதும் மேடையேறி விளக்குவதும் பெண்ணிடம் வருகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. "நீ நன்றாக எழுதுவாய்" என்ற ஒரு பாராட்டிலேயே வேலை பிரிந்துவிடுகிறது. சில வருடம் கழித்து வேலைக்கான நேர்காணலில் "நீ செய்த பாகம் எது, அது எங்கே உடைந்தது, ஏன்?" என்று கேட்டால் அவளிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. திறமையுள்ள பெண்களை இந்தத் துறை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஆவணம் எழுதுவது தாழ்ந்த வேலை என்று சொல்லவில்லை. 1999-ல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனதற்குக் காரணம், தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துதல் கணக்கை நியூட்டன் விநாடி என்ற அலகுக்குப் பதிலாகப் பவுண்டு விசை விநாடி என்ற அலகில் கொடுத்ததுதான். 4.45 மடங்கு வித்தியாசம். எழுதப்பட்ட எண்ணைச் சந்தேகிக்க ஆள் வேண்டும். அளந்து பழகிய கைக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும்.

ஆசிரியர்கள் ஒரு சாதாரண கிளைடரிலிருந்தே தொடங்கலாம். இறக்கை 40 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். வால் இறக்கை 16 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 22 செ.மீ. தூரம். இறக்கை நுனிகள் நடுப்பகுதியைவிட 3 செ.மீ. உயர்ந்திருந்தால் பக்கவாட்டில் சாய்ந்தாலும் தானே நிமிரும். எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. பின்னால் விழ வேண்டும். இரண்டு விரலில் தாங்கிப் பார்த்தாலே தெரியும். முதல் தடவை பெரும்பாலும் சரியாகப் பறக்காது. மூக்கு மேலே ஏறி, தயங்கி, விழுந்து, மறுபடி ஏறினால் எடை மையம் பின்னால் இருக்கிறது. மூக்கில் ஒரு கிராம் களிமண் ஒட்டலாம். நேரே தரையில் குத்தினால் களிமண்ணைக் குறைக்கலாம், அல்லது வால் இறக்கையின் பின்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் மேலே வளைக்கலாம். எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் இறக்கை முறுக்கியிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான், அதற்கு மூன்று வீச்சு, மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும். காற்றில்லாத கூடத்தில் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து மெதுவாக விட்டது 9 மீட்டர் போனால் சறுக்கு விகிதம் 6. அங்கிருந்து கணக்குப் பாடம் தானாகத் தொடங்கும்.

இதை நான்கு பேர் செய்தால் கணக்கு, தயாரிப்பு, சோதனை, பதிவு என்று பிரித்து, ஒவ்வொரு புது மாதிரிக்கும் வேலையை மாற்றிக் கொடுங்கள். போட்டித் தேதி நெருங்கும்போதுதான் இந்த ஒழுங்கு குலைகிறது. "தெரிந்தவன் சீக்கிரம் முடிக்கட்டும்" என்று பழைய ஆளிடமே கருவி போய்விடும். தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், கை வைக்கக் கூடாது என்ற விதியை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது.

"பலம் வேண்டிய வேலை" என்ற தடையையும் கேட்கிறோம். 60 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு 30 செ.மீ. ஸ்பேனரில் 200 நியூட்டன் விசை தேவை, 60 செ.மீ. ஸ்பேனரில் 100 போதும். விமானத்தில் அளவுக்கு மீறி முறுக்கிய போல்ட் பெரிய ஆபத்து. அதனால்தான் குறித்த அளவில் நிறுத்த டார்க் ரெஞ்ச் இருக்கிறது.

பிரிட்டிஷ் பொறியாளர் பியட்ரிஸ் ஷில்லிங்கை இங்கே நினைக்க வேண்டும். பட்டம் படிக்கும் முன்பே வயரிங்கும் ஜெனரேட்டரும் பொருத்திப் பழகியவர், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். இரண்டாம் உலகப் போரில் மெர்லின் எஞ்சின் பொருத்திய பிரிட்டிஷ் போர் விமானங்கள் மூக்கைச் சட்டென்று கீழே இறக்கினால் எஞ்சின் இருமி நின்றது. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் அறையில் எரிபொருள் மேல்பக்கம் ஓடிவிடும். எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை தவறாக அசைந்து, அடுத்த நொடி அளவுக்கு மீறி எரிபொருள் பாயும். எஞ்சினின் உச்சத் தேவைக்கு மேல் எரிபொருள் போகாதபடி, நடுவில் துளையிட்ட சிறு உலோகத் துண்டு ஒன்றை 1941-ல் அவர் கொண்டுவந்தார். விமானங்களைப் பணியிலிருந்து எடுக்காமலே பொருத்த முடிந்தது. எஞ்சினைக் கழற்றிப் பார்த்தவருக்கே இப்படி ஒரு தீர்வு தோன்றும்.

கருவியைப் போலவே அளவும் முக்கியம். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் மட்டும் செய்யவிருந்த விண்நடை நடக்கவில்லை. இருவருக்கும் விண்வெளி உடையின் மார்புப் பகுதி நடுத்தர அளவில் தேவைப்பட்டது. தயாராக ஒன்றுதான் இருந்தது. பெண்கள் இருவர் மட்டும், கிறிஸ்டினா கோக்கும் ஜெசிகா மெயரும், சேர்ந்து வெளியே போனது அந்த வருடம் அக்டோபர் 18-ல்தான். பட்டறைகளிலும் இதே கதை. பெரிய கையுறை போட்டால் நட்டின் முதல் புரி சரியாக ஏறியதா என்று விரலுக்குத் தெரியாது, புரி தேய்ந்துவிடும். சிறிய அளவுக் கையுறை, பாதுகாப்புப் பட்டை, காலணி ஆகியவற்றைப் பெண்கள் வந்து கேட்கும் முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

பெற்றோர் பலருக்குப் பைலட், விண்வெளி வீராங்கனை இரண்டும்தான் தெரியும். விமானப் பாகம் செய்வதிலேயே எத்தனை வேலை இருக்கிறது என்று பாருங்கள். பிசின் ஊறிய கார்பன் துணியை மைனஸ் 18 டிகிரியில் வைத்துப் பாதுகாக்கிறோம். உறை மூடியபடியே அறை வெப்பத்துக்கு வர விடாமல் அவசரப்பட்டுப் பிரித்தால் ஈரம் படியும். அழுத்தத்தோடு சூடாக்கும் ஆட்டோகிளேவ் அடுப்பில் அது ஆவியாகி உள்ளே நுண்துளை விடும். அந்தத் துளையை அல்ட்ராசோனிக் கருவியால் கண்டுபிடிப்பது தனிப் படிப்பு, தனி வேலை. ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்), மென்பொருள் சோதனை, எஞ்சின் பராமரிப்பு என்று இன்னும் பல உண்டு.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா எல்-1-ன் திட்ட இயக்குநராக நிகர் ஷாஜி இருந்தார் என்ற செய்தி பெருமை தருகிறது. இத்தகைய செய்திகளோடு, அவர்கள் தீர்த்த சிக்கலையும் நான்கு வரியில் எழுதுங்கள். உதாரணமாகப் பொறியாளர் இவோன் பிரில்: செயற்கைக்கோளின் சிறு உந்துவிசைக் கருவியில் ஹைட்ரசீன் என்ற எரிபொருள் சிதைந்து வரும் வாயுவை மின்சாரத்தால் மேலும் சூடாக்கினார், வாயு வேகமாக வெளியேறியதால் அதே உந்துதலுக்குக் குறைந்த எரிபொருள் போதுமானது, 1983-ல் முதன்முதலாகப் பறந்தது. இதைப் படிக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு, வேதியியலும் வெப்ப இயக்கவியலும் எதற்கு உதவும் என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
விமானக் கட்டமைப்பு மற்றும் சோதனைப் பிரிவுப் பொறியாளர்கள் சிலர்