கடற்கரையில் சீமெந்துச் சிலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைக் கடற்கரையில் கருத்துச் சுதந்திரத்துக்கு ஒரு சிற்பம் வைப்பதானால், தயவுசெய்து சீமெந்தில் வேண்டாம். மலிவு என்றுதான் எல்லாரும் அதில் இறங்குகிறார்கள். உப்பு உள்ளே ஊறினால் சீமெந்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், சீமெந்து பிளக்கும். முதலில் போவது சிலையின் விரல்கள்தான். கடலோரத்தில் கம்பிக்கு மேல் குறைந்தது 50 மில்லிமீற்றர் சீமெந்து நிற்கவேண்டும். விரலில் அதற்கு எங்கே இடம்? வருடா வருடம் அடிக்கிற பெயின்ற் வெடிப்பை மறைக்குமே தவிர நிறுத்தாது.

பேர்லினில் 2015 மே மாதம் இத்தாலியச் சிற்பி டாவிடே டோர்மினோ வைத்த வெண்கலச் சிற்பத்தில் நாலு கதிரைகள். மூன்றில், அரச இரகசியங்களை வெளியே கொண்டுவந்த அசாஞ்ச், ஸ்னோடன், மானிங் நிற்கிறார்கள். நாலாவது வெறுங்கதிரை, யாரும் ஏறிப் பேசலாம். பேனாவும் புறாவும் சங்கிலியும் போட்ட சிலைகளைவிட அது எவ்வளவோ மேல். இங்கே கதிரைகூட வேண்டாம், மூன்று கருங்கற்படி போதும். ஒவ்வொன்றும் 150 மில்லிமீற்றர் உயரம், மேற்பரப்பு வழுக்காமல் கொத்தியது, மழைத்தண்ணீர் ஓட மீற்றருக்கு 20 மில்லிமீற்றர் சரிவு. நம்முடைய மான்களும் ஏறிப் படுக்கும், படுக்கட்டும். கற்களை இரும்பு ஆப்பால் பொருத்தக்கூடாது, அதே துரு கல்லையும் பிளந்துவிடும். 316 ரகத் துருவேறா உருக்குத்தான் தாங்கும்.

2006 ஜனவரி 2 இல் இங்கே காந்தி சிலையருகே கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களைப் படமெடுத்து, படையினர் சொன்னதுபோல் அவர்கள் குண்டு வெடித்துச் சாகவில்லை, சுடப்பட்டார்கள் என்று காட்டியவர் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 இல் இதே நகரில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். படியில் வெட்டவேண்டிய பெயர் அவருடையது. உலோக எழுத்து ஒட்டினால் பசை விடும், எழுத்துக் களவும் போகும். எழுத்து 40 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் 'ஜ'வின் சுழிக்குள் நிற்கும் மெல்லிய கல் உளி பட்டதும் பெயர்ந்துவிடும். மூன்று மொழிகளையும் ஒரே கல்லில் நெருக்கும்போது நடப்பது இதுதான். மொழிக்கு ஒரு படி கொடுக்கலாம்.

வெண்கல ஒலிவாங்கி ஒன்றும் வேண்டுமென்றால், சாதாரண இரும்பு போல்ற் போடாதீர்கள். வெண்கலம் நிற்கும், போல்ற் கரையும். இங்கேயும் 316 தான், இரண்டு உலோகமும் தொடாதபடி சுற்றிவர நைலோன் புஷ். வாடைக்கு முன் ஒருமுறை, ஓய்ந்த பின் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு மெழுகு பூசவேண்டும். அந்தச் செலவு யார் கணக்கில் என்பதை அடிக்கல் வைக்குமுன்னரே எழுதிவைக்கவும்.

கற்சிற்ப வேலை செய்வோர் சிலர்,
திருகோணமலை