மான் வேட்டைக்கு முன், தோள்வார் குறித்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒன்ராறியோவில் நவம்பர் மாத மான் வேட்டைக்காலம் நெருங்கிவிட்டதால், ரைபிளுக்குத் தோள்வார் கேட்டு வருவோர் கூடியிருக்கிறார்கள். எந்த வார் மிகவும் மெத்தென்று இருக்கும் என்பதுதான் பெரும்பாலானோரின் முதல் கேள்வி. தொலைநோக்கி பூட்டிய ரைபிள் ஏறக்குறைய 4 கிலோ எடை இருக்கும். அது நாள் முழுவதும் ஒரே தோளில் தொங்கினால் எந்த மெத்தையும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். துப்பாக்கியை எப்படிச் சுமக்கப்போகிறீர்கள், எத்தகைய நிலத்தில் நடக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு வாரைத் தேடுவதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

குழல் மேல்நோக்கியிருக்க வலத்தோளின் பின்னால் மாட்டிக்கொள்வதே இங்குள்ள பொது வழக்கம். வெட்டவெளியிலும் அகன்ற காட்டுப்பாதையிலும் இதற்குக் குறை சொல்ல முடியாது. சீடர் எனும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த இடத்தில் குனிந்து நுழையும்போதோ, தலைக்கு மேல் நீட்டி நிற்கும் குழல் ஒவ்வொரு கிளையிலும் மாட்டிக்கொள்ளும். மழையும் பனியும் குழலுக்குள் இறங்கும். அத்தகைய இடத்தில் வாரைக் கழற்றிவிட்டு ரைபிளை இரு கைகளிலும் ஏந்தி நடப்பதற்கு ஈடான வழி வேறில்லை. (பழைய பிரித்தானிய வேட்டை ரைபிள்கள் சிலவற்றில் வாரை மாட்டும் முன்வளையம், குழலைத் தாங்கும் கட்டையில் இல்லாமல் குழலிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதனால் துப்பாக்கி தோளில் தாழ்ந்து நிற்கும். பெரிய தோட்டாவின் உதைப்பில் வளையம் இடக்கை விரலைப் பதம்பார்க்காது.)

குழலைக் கீழ்நோக்கி வைத்து இடத்தோளில் மாட்டும் முறையை ஆப்பிரிக்க முறை என்பார்கள். கிளைத் தொல்லை இதில் குறைவு. இடக்கையால் முன்கட்டையைப் பற்றியபடி ஒரே அசைவில் ரைபிளைச் சுடும் நிலைக்குக் கொண்டுவரலாம். எனினும் ஆழ்ந்த பனியிலோ சேற்றிலோ குழல்முனை புதைந்து அடைபட்டால், அதை அறியாமல் சுடும்போது குழலே பிளக்கக்கூடும் என்பதால், பனி விழுந்தபின் இம்முறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வலப்பக்கம் போல்ட் (தோட்டாவை ஏற்றவும் வெளியேற்றவும் இழுக்கும் தாழ்) உள்ள ரைபிளை, குழல் மேலிருக்க இடத்தோளின் பின்னால் மாட்டுவோருக்குப் போல்டின் கைப்பிடி முதுகில் குத்தும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இரு தோள்களிலும் முதுகுப்பை போல் மாட்டும் இரட்டை வார் எடையைப் பகிர்ந்து தருவதால் நெடுந்தூர நடைக்கு இதமானது. ஆயினும் மான் எதிர்ப்பட்டால் உடனே கழற்ற வராது.

நியோப்ரீன் எனும் செயற்கை ரப்பரால் ஆன வார் கடையில் தொட்டுப் பார்க்கும்போது இதமாக இருக்கும். காட்டிலோ அடிக்கு அடி இழுபட்டு ரைபிளை மேலும் கீழும் ஆடவைக்கும். வெறும் நைலான், வழுவழுப்பான ஜாக்கெட்டில் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும், அதைத் தோளை உயர்த்தி உயர்த்தித் தடுப்பதில்தான் கழுத்து வலியே தொடங்குகிறது. உட்புறம் சொரசொரப்பான, தோளில் படும் இடத்தில் அகன்ற தோல் வார்தான் எங்கள் தேர்வு. நனைந்தால் அதை நெருப்பருகே காயவைக்காதீர்கள், தோல் விறைத்துவிடும்.

வார் மாட்டும் வளையங்களின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று வாரை வலுவாக இழுத்துப் பாருங்கள். உலோகம் கிறீச்சிட்டால் சிறிது எண்ணெய் இடுங்கள். மானின் செவி கூர்மையானது. மரத்திலுள்ள காத்திருப்பு மேடைக்கு ஏறும்போது ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறவே வேண்டாம்: தோட்டாக்களை நீக்கிக் கீழே வைத்து, ஏறி அமர்ந்தபின் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

வாரின் நீளத்தை நாங்களே அளந்து சரிசெய்து தருகிறோம். வீட்டுச் சட்டையில் அளந்த வார் தடித்த குளிரங்கிக்கு மேல் எட்டாது என்பதால், வேட்டையின்போது அணியும் ஜாக்கெட்டையும் அதன்மேல் போடும் செம்மஞ்சள் மேலங்கியையும் உடுத்தி வாருங்கள். ரைபிளில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, உறையிலிட்டுக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்